பழைய டாஸ் கணக்கு நிரலைப் புதிய 64-பிட் கணினியில் ஓட்டும் முறை

டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்காக 1990-களில் ஃபாக்ஸ்ப்ரோவிலும் கிளிப்பரிலும் டர்போ பாஸ்கலிலும் எழுதிக் கொடுக்கப்பட்ட கணக்கு நிரல்கள், மொத்த வியாபாரக் கடைகளிலும் அரிசி ஆலைகளிலும் சீட்டு நிறுவனங்களிலும் இன்றும் ஆங்காங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. எழுதியவர் வேறு ஊருக்கோ வேறு தொழிலுக்கோ போயிருப்பார். மூலநிரல் யாரிடமும் இருக்காது. ஆனால் இருபது, முப்பது ஆண்டுக் கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருக்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது புதிய பில் போடும் வேலை வேறு மென்பொருளுக்கு மாறியிருந்தாலும், பழைய பற்று வரவைப் பார்க்கவும் கடன் பாக்கியைத் தொடரவும் அந்தப் பழைய நிரலின் நீலத் திரை தேவைப்படுகிறது. நிறுவனங்கள் தங்கள் கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டமே சொல்வதால், பழைய கணினி நின்றுபோகும் நாளில் இது விருப்பத்தைப் பொறுத்த வேலையாக இருப்பதில்லை.

புதிய கணினியில் அந்த நிரலின் இஎக்ஸ்இ கோப்பை இரட்டைச் சொடுக்குச் செய்தால், இந்த நிரல் உங்கள் கணினியில் ஓடாது என்ற செய்திதான் வரும். பண்புகள் பகுதிக்குப் போய் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்பதை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை, ஏனென்றால் தடை விண்டோஸின் அமைப்பில் இல்லை, அதற்கும் கீழே செயலியில் (ப்ராசஸரில்) இருக்கிறது. 1985-இல் வந்த இன்டெல் 386 செயலியில், பழைய 8086 செயலியைப் போல நடந்துகொள்ளும் 'விர்ச்சுவல் 8086' என்ற இயக்க முறை இருந்தது; 32-பிட் விண்டோஸ் பதிப்புகள் என்டிவிடிஎம் என்ற உறுப்பின் வழியாக அந்த முறையைப் பயன்படுத்தியே டாஸ் நிரல்களை ஓட்டின. 2003-இல் ஏஎம்டி கொண்டுவந்த 64-பிட் வடிவமைப்பில், செயலி 64-பிட் முறைக்குள் நுழைந்துவிட்டால் விர்ச்சுவல் 8086 முறை கிடைக்காது. எனவே 64-பிட் விண்டோஸில் என்டிவிடிஎம் சேர்க்கப்படவே இல்லை. விண்டோஸ் 10-க்கு 32-பிட் பதிப்பு இருந்ததால் சிலர் அதைக் கொண்டு காலம் தள்ளினார்கள். விண்டோஸ் 11-க்கு அப்படி ஒரு பதிப்பே கிடையாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

ஆகவே பழைய நிரலுக்குப் பழைய கணினியை மென்பொருளாகவே செய்து கொடுக்க வேண்டும். அதில் ஒன்றை மனத்தில் கொள்வது நல்லது. ஒவ்வொரு பழைய நிரலும் தான் ஓடும் இயந்திரத்தைப் பற்றிச் சிலவற்றை அப்படியே நம்பி எழுதப்பட்டது: செயலி இவ்வளவு வேகம்தான் போகும், வட்டு இவ்வளவு பெரிதுதான் இருக்கும், பிரிண்டர் இந்த முகவரியில்தான் இருக்கும், இந்தக் கோப்பை நான் மட்டுமே திறந்திருக்கிறேன் என்பவை போன்ற நம்பிக்கைகள். புதிய கணினியில் நிரல் விழும்போதெல்லாம் இவற்றில் ஒன்று பொய்த்திருக்கிறது என்று பொருள். எது பொய்த்தது என்று கண்டுபிடித்து அதை மட்டும் மெய்யாக்கிக் கொடுத்தால் நிரல் ஓடும். கண்ணில் பட்ட அமைப்புகளையெல்லாம் மாற்றிப் பார்ப்பதால் நேரம்தான் வீணாகும்.

வேலை தொடங்கும் முன் வட்டின் முழு நகல்

பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்தால், அதில் நிரல் ஓடுவதைப் பார்த்து முடித்ததும் அணைத்துவிட வேண்டும். முப்பது ஆண்டு ஓடிய வன்வட்டு அடுத்த முறை சுழலும் என்பதற்கு உறுதி இல்லை. அணைக்கும் முன் முதன்மைப் பட்டியல், ஒரு பேரேட்டுப் பக்கம், கடைசி மாதத்தின் இருப்பாய்வு ஆகியவற்றின் திரைகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க இவை தேவைப்படும். அச்சடித்த பழைய பில் ஒன்றையும் எடுத்து வையுங்கள்.

வட்டைக் கழற்றி, ஐடிஇ என்ற பழைய வகை இணைப்பு கொண்ட வட்டுகளை யுஎஸ்பியில் இணைக்கும் அடாப்டர் ஒன்றின் மூலம் வேறு கணினியில் பொருத்தலாம். விண்டோஸ் கணினியில் பொருத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் அது கேட்காமலேயே வட்டில் தனது மறைகோப்புறைகளை எழுதும்; சில நேரங்களில் வட்டை ஃபார்மட் செய்யவா என்று கேட்கும், அவசரத்தில் கை தவறி ஆம் என்றுவிடும் ஆபத்தும் இருக்கிறது. பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கி, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் வட்டு முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக நகலெடுப்பதே சிறந்தது. இந்தக் கருவி முதலில் நன்றாகப் படிக்க முடிந்த பகுதிகளை எடுத்துக்கொண்டு, கெட்டுப்போன பகுதிகளைக் கடைசியில்தான் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். எதுவரை முடிந்தது என்பதைத் தனிக் கோப்பில் குறித்து வைப்பதால், பாதியில் நிறுத்தினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அக்காலத்து வட்டுகள் ஒன்று அல்லது இரண்டு ஜிபி அளவுதான் இருக்கும் என்பதால் முழுப் பிம்பமும் ஒரு சாதாரண பென் டிரைவில் அடங்கிவிடும்.

கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாதா என்று தோன்றலாம். பெரும்பாலும் போதும். ஆனால் திருட்டு நகலைத் தடுப்பதற்காகச் சில நிரல்கள் வட்டின் வரிசை எண்ணைப் படித்துப் பார்க்கும். இன்னும் சில, மறைத்து வைத்த ஒரு கோப்பு வட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்றே சோதிக்கும். அவற்றுக்கு முழுப் பிம்பம் இல்லாமல் வேலை ஆகாது. பழைய வட்டின் மூலத்தில் இருக்கும் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்செக்.பேட் என்ற இரண்டு கோப்புகளையும் திறந்து படித்து, அவற்றில் உள்ள வரிகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஃபைல்ஸ், பஃபர்ஸ் என்பவற்றுக்கு என்ன எண் கொடுத்திருக்கிறார்கள், பாதையில் எந்தக் கோப்புறைகள் இருக்கின்றன, செட் என்று தொடங்கும் வரிகள் எவை என்பதெல்லாம் அந்த நிரலின் நம்பிக்கைகள் எழுத்தில் கிடைக்கும் இடம்.

நிரல் எந்த வகையைச் சேர்ந்தது

பழையது என்பதாலேயே ஒரு நிரல் டாஸ் நிரலாகிவிடாது. இதை ஊகிக்கத் தேவையில்லை, கோப்பின் முதல் சில பைட்டுகளே சொல்லிவிடும். கோப்பின் பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் ஏதேனும் ஒரு ஹெக்ஸ் பார்வைக் கருவியில் இஎக்ஸ்இ கோப்பைத் திறந்தால் முதல் இரண்டு பைட்டுகள் 4D, 5A (சாதாரண எண்ணில் 77, 90) என்று இருக்கும். எழுத்தாகப் பார்த்தால் எம், இசட். டாஸ் முதல் இன்றைய விண்டோஸ் வரை எல்லா இஎக்ஸ்இ கோப்புகளுக்கும் இதுவே தொடக்கம். கோப்பின் தொடக்கத்திலிருந்து 60 (பதினாறடிமானத்தில் 3C) பைட் தள்ளி நான்கு பைட்டுகளில் ஓர் எண் இருக்கும். அந்த எண் காட்டும் இடத்துக்குப் போனால் பி, இ என்ற எழுத்துகள் இருப்பின் அது 32-பிட் அல்லது 64-பிட் விண்டோஸ் நிரல். என், இ என்று இருப்பின் விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் நிரல். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் டாஸ் நிரல்.

முதல் வகையாக இருந்தால் பாதி வேலை குறைந்தது. 1990-களின் இறுதியில் வந்த பல நிரல்கள் தாம் 32-பிட்டாக இருந்தும், 64-பிட் விண்டோஸில் ஓடாத 16-பிட் நிறுவுநிரலோடு வந்தன. நிறுவும்போது வரும் பிழையைப் பார்த்து நிரலே ஓடாது என்று கைவிட்டுவிடுகிறார்கள். பழைய கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்ட கோப்புறையை அப்படியே புதிய கணினிக்குக் கொண்டுவந்து, அது கேட்கும் டிஎல்எல் கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரி பதிவுகளையும் சேர்த்தால் நேரடியாகவே ஓடிவிடும் வாய்ப்பு அதிகம். இரண்டாம் வகைக்கு, விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பி கொண்ட மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஒன்றை அமைத்து அதற்குள் ஓட்டுவதே எளிது. அந்த எக்ஸ்பியை இணையத்தோடு மட்டும் இணைக்கக் கூடாது, அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாம் வகைதான் நம் கடைகளில் மிகுதி என்பதால் இனி அதைப் பற்றியே சொல்கிறேன்.

எதற்குள் ஓட்டுவது

டாஸ் நிரலுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மெய்நிகர் கணினிக்குள் இலவச டாஸான ஃப்ரீடாஸ் அல்லது பழைய எம்எஸ்-டாஸை நிறுவுவது; இதில் நிரலின் கட்டளைகளை உங்கள் புதிய செயலியே அதன் முழு வேகத்தில் நிறைவேற்றும். மற்றொன்று எமுலேட்டர்; இதில் பழைய செயலியின் ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளே படித்து நடித்துக் காட்டும். எமுலேட்டர் மெதுவானது என்று அதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. கணக்கு நிரலைப் பொறுத்தவரை அந்த மெதுவே அதன் பெரிய நன்மை, ஏனென்றால் வேகத்தை நாம் குறிப்பிட்ட அளவில் நிறுத்தி வைக்க முடிகிறது. ஏஆர்எம் செயலி கொண்ட மடிக்கணினிகளில் 8086 கட்டளைகளே கிடையாது என்பதால் அங்கே எமுலேட்டரைத் தவிர வேறு வழியுமில்லை.

எமுலேட்டர்களில் எல்லோருக்கும் தெரிந்தது டாஸ்பாக்ஸ். அது விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. அச்சிடும் வசதியோ பலர் ஒரே கோப்பைத் திறக்கும்போது தேவைப்படும் பூட்டு வசதியோ மூலப் பதிப்பில் இல்லை, கணக்கு வேலைக்கு அதை நம்ப வேண்டாம் என்று அதை உருவாக்கியவர்களே சொல்லி வந்திருக்கிறார்கள். அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ்-எக்ஸ் அச்சுத் துறைமுகங்கள், கான்ஃபிக்.சிஸ் கோப்புக்கு இணையான அமைப்புப் பகுதி, வட்டுப் பிம்பத்திலிருந்து நேராகத் தொடங்குவது ஆகியவற்றையெல்லாம் தருகிறது. எழுத்துத் திரையில் மட்டும் ஓடும் அலுவலக நிரல்களுக்கென்றே வந்தது விடாஸ். அதன் விரிவு விடாஸ்பிளஸ். விண்டோஸின் கோப்புப் பூட்டுகளை இவை மதிக்கின்றன, எழுத்துகளைப் பெரிதாகவும் தெளிவாகவும் காட்டுகின்றன. வயதான கணக்குப்பிள்ளை ஒருவர் நாள் முழுவதும் பார்க்கும் திரை என்றால் இது சிறிய விஷயமில்லை. ஒரே கணினியில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் நிரலுக்கு டாஸ்பாக்ஸ்-எக்ஸ், இரண்டு மூன்று கணினிகளில் சேர்ந்து பயன்படுத்தும் எழுத்துத் திரை நிரலுக்கு விடாஸ்பிளஸ் என்பது என் தேர்வு. குறிப்பிட்ட ஒரு மதர்போர்டையே எதிர்பார்க்கும் பிடிவாதமான நிரல் வந்தால் 86பாக்ஸ் உதவும், அது அக்காலத்துக் கணினியை அதன் பயாஸ் உட்பட நடித்துக் காட்டும்.

டாஸ்பாக்ஸ்-எக்ஸை நிறுவிய பிறகு, சி டிரைவில் ஆங்கில எழுத்துகள் எட்டுக்கு மிகாத பெயரில், இடைவெளி இல்லாமல் ஒரு கோப்புறையை உருவாக்கி நிரலின் கோப்புகளை அதில் இடுங்கள். எமுலேட்டரின் அமைப்புக் கோப்பின் கடைசியில் இருக்கும் தொடக்கக் கட்டளைகள் பகுதியில், அந்தக் கோப்புறையை டாஸின் சி டிரைவாகக் காட்டும் மவுண்ட் கட்டளையையும், தாளில் எழுதி வைத்த பாதை, செட் வரிகளையும், நிரலைத் தொடங்கும் வரியையும் சேர்க்க வேண்டும். பழைய கணினியில் நிரல் டி டிரைவில் இருந்திருந்தால் இங்கேயும் டி என்றே காட்டுங்கள், முழுப் பாதையை உள்ளுக்குள் எழுதி வைத்த நிரல்கள் ஏராளம். நகல் தடுப்புச் சோதனையால் நிரல் தொடங்க மறுத்தால் மட்டும், கோப்புறைக்குப் பதிலாக வட்டுப் பிம்பத்தையே இணைத்து அதிலிருந்து பழைய டாஸைத் தொடங்கலாம். பிம்பத்துக்குள் இருக்கும் கோப்புகளை விண்டோஸிலிருந்து நேராகப் பார்க்க முடியாது, தினசரி காப்புநகலும் சிக்கலாகும். ஆகவே கோப்புறை வழி ஓடுமானால் அதையே வைத்துக்கொள்வது நல்லது.

வேகமும் வட்டின் அளவும்

டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல் தொடங்கிய உடனே 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லி நின்றால், நிரலில் எதுவும் கெட்டுப்போகவில்லை. திரைக்கும் காலத் தாமதத்துக்கும் பொறுப்பான சிஆர்டி என்ற பகுதி, தொடங்கும்போதே செயலியின் வேகத்தை அளந்து பார்க்கிறது. கணினிக் கடிகாரத்தின் ஒரு துடிப்பு ஏறத்தாழ 55 மில்லி விநாடி. அந்த நேரத்துக்குள் ஒரு சிறு சுழற்சியை எத்தனை முறை செய்ய முடிகிறது என்று எண்ணி, வந்த எண்ணை 55-ஆல் வகுத்து, விடையை 16 பிட் இடத்தில் வைக்கிறது. அந்த இடத்தில் 65,535 வரைதான் அடங்கும். எண்ணிக்கை 36,04,480-ஐத் தொட்டுவிட்டால் விடை இடம் கொள்ளாது, செயலி அதை வகுத்தல் பிழையாகக் கருதி நிறுத்திவிடுகிறது. ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய செயலிகள் வந்த காலத்திலேயே, அதாவது 1990-களின் இறுதியிலேயே இந்தக் கோளாறு தலைகாட்டியது. மெய்நிகர் கணினியில் செயலி முழு வேகத்தில் ஓடுவதால் அங்கேயும் இதே பிழை வரும். எமுலேட்டரில் வேகத்தைக் குறிக்கும் சைக்கிள்ஸ் என்ற அமைப்பை ஒரு நிலையான எண்ணாக வைத்தால் தீர்ந்தது. 3,000 என்பது 286 காலத்து வேகம். 25,000 ஏறத்தாழ ஒரு 486 கணினிக்குச் சமம். கணக்கு நிரலுக்கு 20,000-இல் தொடங்கி, பதிவுகளைத் தேடுவதற்கான இன்டெக்ஸ் கட்டும் வேலை மிக மெதுவாக இருந்தால் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். அதிகபட்சம் என்ற தேர்வை மட்டும் வைக்க வேண்டாம். இன்று ஓடினாலும், அடுத்த கணினிக்கு மாறும்போது காரணமே தெரியாமல் நின்றுவிடும்.

வட்டில் இடமில்லை என்று நிரல் சொன்னால் அதுவும் இதே மாதிரியான கணக்குப் பிழைதான். குறியோடு கூடிய 32 பிட் எண்ணில் 2,147,483,647 வரைதான் எழுத முடியும். அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும் எண் எதிர்மறையாக மாறிவிடும், நூற்றுக்கணக்கான ஜிபி காலியாக இருக்கும் வட்டில் கழித்தல் குறியோடு கூடிய இடம் இருப்பதாக நிரல் நினைத்துக்கொள்ளும். மவுண்ட் கட்டளையோடு காலி இடம் இவ்வளவு என்று நாமே சொல்லும் ஃப்ரீசைஸ் என்ற தேர்வு இருக்கிறது; 500 எம்பி என்று கொடுத்தால் நிரல் அமைதியாகிவிடும்.

அச்சு

நிரல் திரையில் ஓடிவிட்டதும் வேலை முடிந்தது என்று எண்ணுகிறவர்கள் பில் அடிக்கும்போதுதான் திணறுகிறார்கள். அச்சுக்கு நான் தனி நாள் ஒதுக்கச் சொல்வேன்.

டாஸ் நிரல் பிரிண்டரிடம் எழுத்துகளையும் கட்டுப்பாட்டு எண்களையும் எல்பிடி1 என்ற முதல் பேரலல் துறைமுகத்தின் வழியாக நேராக அனுப்புகிறது. எப்சன் வகையான டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களில் 27, 64 என்ற இரண்டு எண்கள் பிரிண்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். 15 என்பது எழுத்தைக் குறுக்கும், 18 என்பது குறுக்கலை நீக்கும். 27, 67 என்பவற்றைத் தொடர்ந்து வரும் எண் பக்கத்தில் எத்தனை வரி என்று சொல்லும். இந்த எண்கள் வழியில் எந்த டிரைவரும் தொடாமல் பிரிண்டரைச் சென்றடைய வேண்டும். கடையில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரே தொடருமானால், யுஎஸ்பியும் உள்ள எப்சன் எல்எக்ஸ்-310 போன்ற ஒன்றை விண்டோஸில் இணைத்து அதைப் பகிர்வு பிரிண்டராக ஆக்குங்கள். டாஸ்பாக்ஸ்-எக்ஸில் முதல் பேரலல் துறைமுகத்தைக் கோப்பாக வைத்து, அச்சு முடிந்ததும் அந்தக் கோப்பை இருமைக் கோப்பு என்ற குறியோடு காப்பி கட்டளையால் அந்தப் பகிர்வு பிரிண்டருக்கு அனுப்பும் சிறிய பேட்ச் (.bat) கோப்பை அதனுடன் இணைக்கலாம். இருமை என்ற குறி விடுபட்டால், எண் 26 வரும் இடத்தில் கோப்பு முடிந்தது என்று காப்பி கட்டளை நினைத்து பில்லைப் பாதியில் வெட்டிவிடும்.

பில் வருகிறது, ஆனால் ஒவ்வொரு பில்லும் முந்தையதைவிடச் சில வரி கீழே தொடங்குகிறது என்றால் பக்க நீளம் பொருந்தவில்லை. நம் ஊரில் விற்கும் தொடர்தாள் பெரும்பாலும் 10×12 அல்லது 15×12 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 6 வரி என்ற கணக்கில் 12 அங்குலத்துக்கு 72 வரிகள். புதிய பிரிண்டரோ 11 அங்குலம், அதாவது 66 வரி என்ற அமைப்போடு வந்திருக்கலாம். பிரிண்டரின் அமைப்புப் பட்டியலில் பக்க நீளத்தை 12 அங்குலமாக மாற்றினால் சரியாகும். கட்டங்களின் கோடுகள் வரவேண்டிய இடத்தில் சாய்ந்த ஆங்கில எழுத்துகள் வருமானால், பிரிண்டரின் எழுத்து அட்டவணை இட்டாலிக் என்று இருக்கிறது. அதை பிசி437 என்று மாற்ற வேண்டும். இவ்விரண்டையும் நிரலிலோ எமுலேட்டரிலோ தேடுவது வீண், இரண்டும் பிரிண்டருக்குள் இருப்பவை.

லேசர் பிரிண்டர் மட்டுமே இருக்கிறது என்றால், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் தன்னையே ஓர் எப்சன் பிரிண்டராகக் காட்டிக்கொண்டு, வரும் எண்களைப் படித்துப் பக்கத்தைப் படமாக வரைந்து விண்டோஸ் பிரிண்டருக்கு அனுப்பும் வசதியைத் தருகிறது. கார்பன் நகல் கிடைக்காது என்பதைத் தவிரக் குறையில்லை.

டாங்கிளும் கார்டுகளும்

பேரலல் துறைமுகத்தில் செருகும் பூட்டு, கடைக்காரர்கள் டாங்கிள் என்றோ லாக் என்றோ சொல்வது, இந்த வேலையிலேயே கடினமான பகுதி. நிரல் பதினாறடிமான எண் 378 என்ற முகவரிக்கு நேராகச் சில மின்குறிகளை அனுப்பி, பதில் சரியாக வருகிறதா என்று பார்க்கிறது. கடையில் கிடைக்கும் யுஎஸ்பி-பேரலல் கேபிள் பிரிண்டருக்கு மட்டுமே ஆனது. அதற்கு அந்த முகவரியே கிடையாது என்பதால் டாங்கிளை அதில் செருகிப் பயனில்லை. பேரலல் துறைமுகம் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டும் வேறு முகவரியில் அமர்வதால் எல்லா நிரலுக்கும் ஒத்துவராது. நிரலை விற்றவர் இன்னும் தொழிலில் இருந்தால் டாங்கிள் கேட்காத பதிப்பை எழுத்து மூலம் கேட்டுப் பெறுவதே நேர்மையான, நிலையான வழி. இத்தனை ஆண்டுக்குப் பிறகு மறுப்பவர்கள் குறைவு. அவர் கிடைக்காவிட்டால், உண்மையான பேரலல் துறைமுகம் கொண்ட பழைய கணினி ஒன்றை அதற்கெனத் தனியாக வைத்திருந்து, தரவை மட்டும் விரைவாக வெளியே எடுக்கும் வேலையில் இறங்க வேண்டும்.

பழைய கணினிகளின் ஐஎஸ்ஏ செருகுதளத்தில் பொருத்திய கார்டுகளுக்கும் இதே நிலைதான். இந்திய மொழிகளுக்காக சி-டாக் நிறுவனம் வழங்கிய ஜிஸ்ட் கார்டைப் பொருத்தித் தமிழில் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் வைத்திருந்த இடங்களில், எமுலேட்டரில் நிரல் ஓடினாலும் தமிழ் எழுத்து வராது, வெறும் குறியீடுகளே தெரியும். ஆனால் தரவு அழியவில்லை. அது 1991-இல் ஐஎஸ் 13194 என்ற எண்ணில் தரப்படுத்தப்பட்ட இஸ்கி குறியீட்டில் இருக்குமானால், விண்டோஸ் அதைத் தமிழுக்கான 57004 என்ற குறிமுறைப் பக்கமாக அறிந்து வைத்திருக்கிறது; அதன் வழியே யுனிகோடுக்கு மாற்றலாம். இஸ்கியிலும் யுனிகோடைப் போலவே மெய்க்குப் பின்னால்தான் உயிர்க்குறி வரும் என்பதால் மாற்றம் சுத்தமாக அமையும். பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தரவில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னால் இருக்கும். அதற்கென எழுதிய மாற்றிகளையே பயன்படுத்த வேண்டும், மாற்றிய பின் கொ, கோ, கௌ வரும் பெயர்களை ஒருமுறை கண்ணால் பார்த்தும் விட வேண்டும்.

தரவு சரியா என்று பார்த்தல்

நிரல் ஓடுகிறது என்பதும் கணக்கு சரியாக இருக்கிறது என்பதும் வேறு வேறு. ஃபாக்ஸ்ப்ரோ, கிளிப்பர் இரண்டும் பயன்படுத்தும் டிபிஎஃப் கோப்பின் தலைப்பில் 5 முதல் 8 வரையான பைட்டுகளில் பதிவுகளின் எண்ணிக்கையும், 9, 10-ஆம் பைட்டுகளில் தலைப்பின் நீளமும், 11, 12-ஆம் பைட்டுகளில் ஒரு பதிவின் நீளமும் இருக்கின்றன. 9 புலங்கள் கொண்ட ஒரு பேரேட்டுக் கோப்பை எடுத்துக்கொள்வோம். தலைப்பு 321 பைட், ஒரு பதிவு 118 பைட், பதிவுகள் 4,210 என்று இருந்தால், 118-ஐ 4,210-ஆல் பெருக்கி வரும் 4,96,780-உடன் 321-ஐயும் முடிவுக்குறிக்கான 1-ஐயும் கூட்டினால் 4,97,102. கோப்பின் அளவும் இதுவாகவே இருக்க வேண்டும்; முடிவுக்குறி இல்லாத கோப்பில் ஒன்று குறையலாம். அதற்கு மேல் வேறுபட்டால், நகல் எடுத்தபோதோ பழைய கணினியில் மின்சாரம் போனபோதோ அந்தக் கோப்பு கெட்டிருக்கிறது. ஃபாக்ஸ்ப்ரோ இதைத் தரவுக் கோப்பே இல்லை என்று மறுப்பதும் பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மையால்தான். இன்டெக்ஸ் கோப்புகளை நம்பாமல், நிரலில் உள்ள ரீஇன்டெக்ஸ் தேர்வைக் கொண்டு புதிதாகக் கட்டிவிடுங்கள். அதன் பிறகு முன்பு எடுத்த திரைப் படங்களோடு இருப்பாய்வைக் காசு வரை ஒப்பிட வேண்டும்.

தேதியையும் சோதிக்க வேண்டும். டிபிஎஃப் கோப்பு ஆண்டை நான்கு இலக்கத்தில்தான் வைத்திருக்கிறது. சிக்கல் இரண்டு இலக்கமாகத் தட்டச்சு செய்யும் திரையில் இருக்கிறது. இரண்டு இலக்க ஆண்டு எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று முடிவு செய்யும் ஈபக் எல்லையைக் கிளிப்பர் நிரலில் 1930 என்று எழுதியவர் வைத்திருந்தால், 2030-ஆம் ஆண்டில் 30 என்று இடும்போது அது 1930 ஆகப் பதிவாகும். தரவின் ஒரு நகலில், எமுலேட்டருக்குள் டேட் கட்டளையால் தேதியை 2030-க்கு மாற்றி ஒரு பதிவு இட்டுப் பார்த்தால் இன்றே தெரிந்துவிடும்.

பல கணினிகளிலிருந்து ஒரே தரவைத் திறப்பதானால், கோப்புப் பூட்டு வசதி இல்லாத எமுலேட்டரில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. இருவர் ஒரே நேரத்தில் பில் சேர்க்கும்போது ஒருவருடையது மற்றவருடையதன் மேல் எழுதப்படும், யாருக்கும் பிழைச்செய்தி வராது. எமுலேட்டர் சாளரத்தை மூலையில் உள்ள பெருக்கல் குறியால் மூடுவதும் அதே அளவு ஆபத்தானது. நிரல் தன் தலைப்பில் பதிவு எண்ணிக்கையை எழுதுவதற்குள் அது கொல்லப்பட்டுவிடும். நிரலின் சொந்த வெளியேறு தேர்வு வழியாகவே வர வேண்டும் என்று கணக்கு எழுதுபவருக்குச் சொல்லி, அதைத் திரையின் ஓரத்தில் எழுதியும் ஒட்டுங்கள்.

தரவை மட்டும் தனியாக எடுக்க வேண்டியிருந்தால் லிப்ரெஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மென்பொருள் டிபிஎஃப் கோப்புகளை நேராகத் திறக்கும். அங்கிருந்து எந்தப் புதிய மென்பொருளுக்கும் கொண்டுபோகலாம். நீண்ட குறிப்புகள் தனி மெமோ கோப்பில் இருப்பதால், அதே பெயரில் எஃப்பிடி அல்லது டிபிடி என்று முடியும் கோப்பையும் கூடவே வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, எமுலேட்டர், அதன் அமைப்புக் கோப்பு, நிரல், தரவு, அச்சுக்கான பேட்ச் கோப்பு ஆகியவை அனைத்தையும் ஒரே கோப்புறையின் கீழ் கொண்டுவந்து, அதன் நகலை ஒரு பென் டிரைவிலும், கடைக்கு வெளியே வைத்திருக்கும் இன்னொரு வட்டிலும் இடுங்கள். பிறகு அந்த நகலிலிருந்து, இதுவரை இந்த நிரலைக் கண்டிராத வேறொரு கணினியில் எல்லாவற்றையும் திறந்து, ஒரு பழைய பில்லை மறுபடி அச்சடித்து, எடுத்து வைத்த பழைய தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டும் வரிக்கு வரி பொருந்தினால் பழைய வட்டைப் பெட்டியில் வைத்துவிடலாம்; பொருந்தாவிட்டால் எந்த வரியிலிருந்து விலகுகிறது என்று குறித்துக்கொண்டு, பக்க நீளத்திலிருந்து சோதனையைத் தொடங்குங்கள்.